சுவரோடுதான் பேசுகிறேனா?

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 38. அம்மா புற்றுநோயில் இறந்து பதினொரு மாதம் ஆகிறது. நோய் தெரிந்த நாளிலிருந்து விடாமல் ஜெபித்தோம், உபவாசம் இருந்தோம். சின்ன வயதிலிருந்தே காலை ஐந்து மணிக்கு அம்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிப்பது வழக்கம். இப்போதும் உட்காருகிறேன். ஆனால் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. முன்பு தேவ பிரசன்னம், அதாவது தேவன் பக்கத்தில் இருக்கிற உணர்வு என்று ஒன்று தெரியும், இப்போது அது சுத்தமாக இல்லை. சபையில் ஒரு பெரியவர், ‘உங்கள் வீட்டில் விசுவாசம் குறைச்சலாக இருந்திருக்கும்’ என்றார். என் தம்பியோ, ‘ஜெபம் என்பது மூளை தனக்குத்தானே பேசிக்கொள்வது. ஆராய்ச்சியே செய்து பார்த்துவிட்டார்கள், பலிக்கவில்லை’ என்கிறான். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த ஆராய்ச்சியைத் தேடி எடுத்து எனக்கு அனுப்பினான். ஐயா, அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா? நிச்சயம் தெரியும்வரை ஜெபத்தை நிறுத்தி வைக்கட்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தப் பெரியவர் சொன்னதை முடித்துவிடுகிறேன். அதற்கு அதிக நேரம் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தை ‘விசுவாச வீரர்களின் பட்டியல்’ என்று சபைகளில் சொல்வோம். அதில் 34-ஆம் வசனத்தில் சிலர் விசுவாசத்தினாலே பட்டயத்துக்கு, அதாவது வாளுக்கு, தப்பினார்கள். மூன்று வசனம் தள்ளி, 37-இல், வேறு சிலர் அதே பட்டயத்தால் வெட்டுண்டு செத்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நற்சாட்சிதான். தப்பியவர்களுக்கு விசுவாசம் அதிகம், செத்தவர்களுக்குக் குறைவு என்று அங்கே எழுதியில்லை. பலரைச் சுகமாக்கிய அப்போஸ்தலர் பவுல் தன் கடைசிக் கடிதத்தில், தன்னோடிருந்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதியாக விட்டுவிட்டு வந்தேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார். விளக்கமும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. பவுல் பக்கத்தில் இருந்தும் சுகமாகாத ஒருவர் வேதத்திலேயே இருக்கும்போது, உங்கள் வீட்டு விசுவாசத்தை நிறுத்துப் பார்க்கும் தராசு அந்தப் பெரியவருக்கு எங்கிருந்து கிடைத்தது? அடுத்த முறை அவர் ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

தம்பி விஷயம் அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. அவர் அனுப்பியது எது என்று எனக்கு ஓரளவு தெரிகிறது. அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில், இதய பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு வந்த 1,802 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2006-இல் வெளிவந்தது. நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்காக முன்பின் தெரியாத குழுக்கள் பதினான்கு நாள் ஜெபித்தன. இன்னொரு பிரிவுக்கு அப்படி ஜெபிக்கவில்லை. எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்று இவர்களுக்குத் தெரியாது. மூன்றாம் பிரிவிடம், ‘உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறோம்’ என்று சொல்லிவிட்டே ஜெபித்தார்கள். முதல் பிரிவில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வந்தது, இரண்டாவதில் 51. தங்களுக்காக ஜெபம் நடக்கிறது என்று தெரிந்தவர்களில் 59!

தம்பி சொல்வது பொய்யில்லை. இதை நான் எந்த மேடையிலும் மறைத்ததில்லை. ஆனால் அந்த ஆய்வு என்ன செய்தது என்று கொஞ்சம் யோசியுங்கள். முகம் தெரியாத ஆளின் முதல் பெயரையும் அடுத்த பெயரின் முதல் எழுத்தையும் ஒரு தாளில் கொடுத்து, இன்ன வாசகத்தைச் சொல்லி ஜெபியுங்கள் என்றார்கள். ஒரு மருந்தை அளந்து கொடுப்பது போல. ஜெபம் ஒரு விசை, சரியாக அழுத்தினால் மறுமுனையில் விளக்கு எரிய வேண்டும் என்று யாராவது நினைத்திருந்தால், அந்த நினைப்பை இந்த ஆய்வு நன்றாகவே அடித்துப் போட்டுவிட்டது. போகட்டும். தேவாலயத்தின் உப்பரிகையில் நின்று, ‘குதி, தூதர்கள் தாங்குகிறார்களா பார்ப்போம்’ என்று பிசாசு இயேசுவிடம் கேட்டதும் இதே வகைப் பரிசோதனைதான். அவர் குதிக்கவில்லை. இன்னொன்று, ‘ஜெபிக்கப்படாத’ பிரிவு என்கிறார்களே, அந்த நோயாளிகளின் வீட்டார் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? அதைத் தடுக்க யாராலும் முடியாது, ஆராய்ச்சியாளர்களுக்கே அது தெரியும்.

மூளை விஷயத்தில் ஒரு சுவாரசியம் சொல்லவா? டென்மார்க்கில் இருபது இளம் கிறிஸ்தவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து ஜெபிக்கச் சொன்னார்கள். 2009-இல் வந்த ஆய்வு. இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தை மனதுக்குள் சொல்லச் சொன்னார்கள், சொந்த வார்த்தையில் ஜெபிக்கச் சொன்னார்கள், அப்புறம் கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் பரிசு கேட்கச் சொன்னார்கள்! சொந்த வார்த்தையில் ஜெபித்தபோது விழித்துக்கொண்டவை, எதிரே இருக்கும் ஒரு மனிதரின் மனசு என்ன நினைக்கிறது என்று யோசிக்கும்போது நாம் பயன்படுத்தும் அதே பகுதிகள். தாத்தாவிடம் கேட்டபோது அப்படி இல்லை. இதை வைத்துக் கடவுள் இருக்கிறார் என்று நிரூபிக்க முடியாது, நான் அதற்கு முயலவும் இல்லை. ஜெபிக்கிறவர் தனக்குத்தானே பேசிக்கொள்கிறவராக நடந்துகொள்வதில்லை, யாரோ ஒருவரிடம் பேசுகிறவராகவே நடந்துகொள்கிறார் என்பது மட்டும் தெரிகிறது. அந்த ‘யாரோ’ உண்டா என்பதை ஸ்கேன் சொல்லாது. அம்மாவின் முகத்தை நினைக்கும்போதும் உங்கள் மூளையில் ஏதோ ஓர் இடம் வேலை செய்கிறது. அம்மா அந்த இடத்துக்குள்தான் வாழ்ந்தார்களா?

சரி, உண்மையான கேள்விக்கு வருகிறேன். அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார் என்று நம்பித்தான் இருபது வருஷத்துக்கு மேலாக மருத்துவமனை வார்டுகளில் போதகராக நடந்துகொண்டிருக்கிறேன். ஆனால் ‘காணப்படாதது’ என்றால் என்ன என்பதில் நம் ஆட்கள் நிறையவே குழப்பிவிட்டார்கள். சிலருக்கு அது பிசாசுகளின் படைப்பட்டியல். தலைவலிக்கு ஓர் ஆவி, கடனுக்கு ஓர் ஆவி என்று பெயர் வைத்து வரிசைப்படுத்துவார்கள். வேறு சிலருக்கு உடம்பு சிலிர்ப்பதும் கண் கலங்குவதுமே காணப்படாத உலகம். எனக்கு இந்த இரண்டிலும் ஒட்டுதல் இல்லை.

தோத்தான் ஊர்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், 2 இராஜாக்கள் 6. எலிசா தீர்க்கதரிசியைப் பிடிக்கச் சீரிய ராஜா ராவோடு ராவாகக் குதிரைகளையும் இரதங்களையும் அனுப்பி ஊரை வளைத்துக்கொள்கிறான். விடியற்காலையில் வெளியே வந்த வேலைக்காரன் அலறுகிறான். எலிசா செய்த ஜெபம் ஒரே வரி: “கர்த்தாவே, இவன் பார்க்கும்படி இவன் கண்களைத் திறந்தருளும்.” படை அனுப்பும் என்று கேட்கவே இல்லை. படை ஏற்கெனவே இருந்தது. வேலைக்காரன் கண் திறந்தபோது மலை முழுக்க அக்கினிமயமான குதிரைகளும் இரதங்களும்.

இந்தக் கதையில் பிரசங்கங்களில் அதிகம் கேட்காத விஷயம் ஒன்று உண்டு. வேலைக்காரன் கண்டான் என்று எழுதியிருக்கிறது. எலிசா கண்டார் என்று அந்த இடத்தில் எழுதியில்லை. அவரும் பார்த்திருக்கலாம்தான். ஆனால் “நம்மோடிருக்கிறவர்கள் அதிகம்” என்று அவர் சொன்னதற்கு ஆதாரமாக அவர் கண்ட காட்சி எதையும் வேதம் காட்டுவதில்லை. காட்சி தேவைப்பட்டது பயந்துபோன பையனுக்கு. கொஞ்ச நேரத்தில் அவனுக்கும் அந்தக் காட்சி மறைந்திருக்கும், பாத்திரம் கழுவப் போயிருப்பான். மலை மட்டும் அங்கேயே நின்றிருக்கும். கதையின் கடைசியில் என்ன நடக்கிறது பாருங்கள். அக்கினி இரதங்கள் யாரையும் எரிக்கவில்லை. பிடிக்க வந்த படைக்கே சாப்பாடு போட்டு ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். காணப்படாததைக் கண்டேன் என்று சொல்கிறவர்களிடம் நான் பார்ப்பது இதைத்தான். அது அவர்களைச் சாப்பாடு போட வைக்கிறதா, சண்டை போட வைக்கிறதா?

நீங்கள் தேடும் பிரசன்னத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வருத்தப்படாமல் கேளுங்கள். முப்பது வருஷமாக அந்த ஐந்து மணியில் உங்கள் பக்கத்தில் இன்னொரு மூச்சு இருந்தது. புடவை உரசும் சத்தம், முணுமுணுப்பு, நீங்கள் தூங்கிவிழுந்தால் முழங்கையால் ஓர் இடி. பிரசன்னம் என்று நீங்கள் சொன்னதில் தேவனும் இருந்தார், அம்மாவும் இருந்தார்கள், இரண்டும் பின்னிக் கிடந்தன. இப்போது அதில் ஓர் இழை உருவப்பட்டுவிட்டது. மிச்சம் இருப்பதும் தொய்ந்துதான் தெரியும். அதனால் முன்பு உணர்ந்தது பொய்யாகிவிடாது. தேவன் நமக்குத் தெரிந்தவர்கள் வழியாகத்தான் பெரும்பாலும் முதலில் அறிமுகமாகிறார். அவர்கள் போனபின் அவரை நேரில் பார்க்கும்போது அந்நியரைப் பார்ப்பது போல இருக்கும். துக்கத்தில் இருக்கிற உடம்புக்கும் எதுவும் உறைப்பதில்லை. சாப்பாட்டில் ருசி தெரியாத மாதங்கள் இருந்திருக்குமே, அப்போது சாப்பாட்டிலா குறை?

மத்தேயு 6:6-இல், “உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி” ஜெபி என்கிறார் இயேசு. அங்கே மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் ‘தமேயோன்’, பொருள் சேமித்து வைக்கும் உள்ளறை. லூக்கா 12-இல் காகங்களுக்குப் பண்டசாலை இல்லை என்று வருகிற இடத்திலும் அதே சொல்தான். அழகான ஜெப அறை எதையும் அவர் சொல்லவில்லை. சாமான் அடைத்து வைக்கிற, அநேகமாக ஜன்னலே இல்லாத ஓர் அறையைச் சொல்கிறார். அப்புறம், “அந்தரங்கத்திலிருக்கிற உன் பிதா” என்கிறார். நீங்கள் உள்ளே போய்க் கூப்பிட்டதும் அவர் வருவார் என்று இல்லை. அந்த இருட்டில் அவர் ஏற்கெனவே இருக்கிறார். நாலு பக்கமும் சுவர் என்பது நீங்கள் தவறான இடத்துக்கு வந்துவிட்டதற்கு அடையாளம் என்று நினைக்கிறீர்கள். இயேசு போகச் சொன்ன இடமே அப்படித்தான் இருந்தது.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்ட பெரியவர். மனைவியைக் காட்டி ‘இது யார்?’ என்றால் உதடு துடிக்கும், பெயர் வராது. தண்ணீர் என்று சொல்ல முடியாமல் கட்டில் கம்பியில் உள்ளங்கையால் அடிப்பார். மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஆகாரம் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து, “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று கர்த்தருடைய ஜெபத்தை ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. குழறல் இருந்தது, ஆனால் வார்த்தை தப்பவில்லை. “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்று வந்தபோது நிறுத்தி, மூக்குக் குழாயை ஒரு விரலால் தொட்டுக் காட்டி, வாய் ஒரு பக்கம் மட்டும் விரியச் சிரித்தார். பிறகு ஆமென் வரை வந்தார். அது முடிந்ததும் மறுபடியும் பேச்சு இல்லை.

அற்புதம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நரம்பியல் மருத்துவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். பேச்சு போனவர்களுக்கும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவது, பாட்டு, மனப்பாடமான ஜெபம் இவை பல நேரம் மிஞ்சியிருக்கும். புதிதாகப் பேச்சைக் கட்டுவது ஒரு வேலை, ஊறிப்போன சொற்களைச் சொல்வது வேறு வேலை. எனக்கு மனதில் தங்கியது வேறு. அவருக்குச் சொந்தமாக ஒரு வார்த்தைகூட இல்லாத நாளில், யாரோ எப்போதோ கற்றுக்கொடுத்த வார்த்தை அவரைத் தூக்கிக்கொண்டு போனது. அது கிளிப்பிள்ளைப் பேச்சும் இல்லை, அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன்.

அதனால்தான், நிறுத்தட்டுமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், வேண்டாம். நிறுத்தினால் தேவன் கோபித்துக்கொள்வார் என்ற பயத்தில் இதைச் சொல்லவில்லை, நீங்களும் பயப்பட வேண்டாம். நிச்சயம் தெரிந்தபிறகு ஜெபிக்கலாம் என்பது, நீந்தத் தெரிந்தபிறகு தண்ணீரில் இறங்கலாம் என்கிற கணக்கு. ஆனால் பழைய மாதிரியே தொடரவும் வேண்டாம். சொந்த வார்த்தையில் அரைமணி நேரம் பேச முயன்று தோற்றுப்போவதை விட்டுவிடுங்கள். கர்த்தருடைய ஜெபம் ஒருமுறை, வேதத்திலிருந்து ஒரு சங்கீதம், அவ்வளவு போதும். ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

எந்தச் சங்கீதம் என்றால், 88. ஆறுதல் சங்கீதங்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். 88-ஆம் சங்கீதத்தைப் பாடியவனுக்குப் பதிலே வரவில்லை. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது ஸ்தோத்திரத்துக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதே இல்லை. எபிரெய மூலத்தில் இதன் கடைசிச் சொல் ‘இருள்’. அதைக் கிழித்துப் போடாமல், திருத்தாமல், ஜெபப் புத்தகத்தில் அப்படியே சேர்த்து வைத்திருக்கிறார்கள். சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது என்று தேவனிடமே சொல்வதும் ஜெபம்தான் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? தைரியமாகச் சொல்லுங்கள். சண்டை போடக்கூடப் போடலாம். இல்லாதவரிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

விசுவாசம் என்ற சொல்லைப் பாருங்கள். சபைக்குள் அதற்கு ‘சந்தேகமில்லாமல் நம்புவது’ என்று ஓர் அர்த்தத்தை ஒட்டிவிட்டோம். வீதியில் தமிழ் பேசுகிறவர் அந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்துகிறார்? நாய் விசுவாசமானது என்கிறார். விட்டுப் போகாதது என்று பொருள். எபிரெயத்தில் விசுவாசத்துக்கு உள்ள சொல் ‘எமூனா’. அது யாத்திராகமம் 17-இல் வித்தியாசமான ஓர் இடத்தில் வருகிறது, மோசேயின் கைகளைப் பற்றி. அமலேக்கியரோடு யுத்தம் நடக்கும்போது மலைமேல் கையை உயர்த்தி நிற்கிறார். கை ஏறியிருந்தால் ஜெயம், தாழ்ந்தால் தோல்வி. கை அசந்துபோகிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு அவரை உட்கார வைக்கிறார்கள். ஆரோன் ஒரு பக்கம், ஊர் என்பவர் ஒரு பக்கம் கையைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரை அவர் கைகள் “ஒரேநிலையாயிருந்தது” என்று நம் வேதாகமத்தில் வாசிக்கிறோமே, அந்த ‘ஒரேநிலை’தான் எமூனா. மோசேயின் தோளில் பலம் மிச்சம் இருந்ததால் வந்த நிலையில்லை அது. கல்லும், இன்னும் நாலு கைகளும் சேர்ந்து கொடுத்த நிலை.

பதினொரு மாதமாக, ஒன்றுமே தெரியாத அந்த ஐந்து மணிக்கு நீங்கள் எழுந்துபோய் உட்கார்ந்திருக்கிறீர்கள். சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிற கடிதத்தில் நான் வாசித்தது இதை. உங்களுக்குக் குறைவது தாங்கிப் பிடிக்கிற கைகள். அம்மாதான் அந்தக் கைகள், இப்போது இல்லை. சபையில் பிரசங்கம் பண்ணாமல் சும்மா பக்கத்தில் உட்காரத் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருப்பார், அநேகமாக அவரும் யாரையாவது பறிகொடுத்தவராக இருப்பார். வாரத்தில் ஒரு நாள் அந்தக் காலி நாற்காலிக்கு அவரைக் கூப்பிடுங்கள். எனக்குப் பதிலாக நீங்கள் ஜெபியுங்கள், நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன் என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

தூக்கம், பசி பற்றி நீங்கள் எழுதவில்லை. பல வாரமாகத் தூக்கம் கெட்டிருந்தால், எடை குறைந்திருந்தால், உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால்கூட, மனநல மருத்துவரைப் பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள். அப்படிப் போவது அவிசுவாசம் என்று அந்தப் பெரியவர் சொன்னால், தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் சிபாரிசு செய்தது என்ன என்று 1 தீமோத்தேயு 5:23-ஐ எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் திராட்சரசம், ஜெபக் கூட்டம் இல்லை!

கடைசியாக, தம்பி. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் இதய அறுவை சிகிச்சையையும் ஜெபத்தையும் பற்றிய ஆராய்ச்சியைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்றால், அவருக்கு அது வெறும் அறிவியல் விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் அம்மாதான் போயிருக்கிறார்கள். அந்த மாதங்களில் அவரும் ஒருவேளை, யாருக்கும் தெரியாமல், ஏதாவது கேட்டிருக்கலாம். நான் மேலே எழுதிய டென்மார்க் ஆய்வை எடுத்துக்கொண்டு அவரோடு வாதாடப் போகாதீர்கள், அதற்காக அதை எழுதவில்லை. ஒரு சாயங்காலம் உட்கார வைத்து, ‘அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ என்ன கேட்டாய்?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாதீர்கள், வசனமும் வேண்டாம். சொல்லாமல் எழுந்து போனாலும் பரவாயில்லை, கேட்டது கேட்டதாக இருக்கட்டும்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு மறுபடியும் எழுதுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றாலும் எழுதுங்கள்.